பெரம்பூர் ஆலையும் போர்ட் சுவெட்டன்ஹாம் கப்பலும்

(சுபாங் ஜெயாவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



மேடையில் படமாக இருக்கும் அம்மா தையல் ஆலையில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்து சட்டைக் காலர் தைத்தவர். அவர் பெயரில் பேச வேண்டும் என்று பிள்ளைகள் என் வீட்டுக்கு வந்தபோது, சிலாங்கூர் துணி ஆலைத் தொழிலாளர் சங்கத்தைப் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டேன். மூத்த மகள் தலையாட்டவில்லை. "அம்மா சங்கத்துக்குப் போன கதையெல்லாம் எங்களுக்குத் தெரியும் ஐயா. அதுக்கு முந்தின கதையைச் சொல்லுங்க. இந்தச் சங்கம்ங்கறது எங்கேயிருந்து வந்துச்சு?" என்றார். என்னிடம் இதுவரை யாரும் கேட்காத நல்ல கேள்வி அது. அதனால்தான் சுபாங் ஜெயாவில் நின்றுகொண்டு சென்னைப் பெரம்பூரைப் பற்றிப் பேசப் போகிறேன்.

பெரம்பூருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நம் பாட்டன் பாட்டிகளில் பெரும்பாலோர் வந்தது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக் கப்பலில். கடைசிக் காலத்துப் பெயர் எல்லோருக்கும் தெரியும்: ரஜூலா. 1926-இல் கடலில் இறங்கிய கப்பல். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆள் ஏற்றி, பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும், அதாவது இன்றைய போர்ட் கிள்ளானிலும், இறக்கிவிட்டுச் சிங்கப்பூர் போகும். அந்தக் கம்பெனிக்குச் சென்னையில் ஏஜெண்டாக இருந்தவர்கள் பின்னி அண்ட் கோ. அதே பின்னிதான் பெரம்பூரில் பக்கிங்ஹாம் மில், கர்நாடிக் மில் என்ற இரண்டு பஞ்சாலைகளை நடத்தியது. 1906-இல் அர்பத்நாட் என்ற சென்னை வங்கி நிறுவனம் கவிழ்ந்தபோது பின்னியும் ஆட்டம் கண்டது. அப்போது அதைத் தூக்கி நிறுத்தித் தன் கைக்குள் வைத்துக்கொண்டவர் ஜேம்ஸ் மக்கே. பிற்பாடு இஞ்ச்கேப் பிரபு ஆனவர். பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனியும் அவருடைய ஆட்சியில்தான் இருந்தது. ஆக, நம் ஆட்களைக் கப்பலில் ஏற்றிய கல்லாவும் பெரம்பூர் ஆட்களைத் தறிமுன் நிறுத்திய கல்லாவும் ஒரே வீட்டுக் கல்லா.

இன்னொன்று. மலாயாவுக்கு ஆள் அனுப்பும் டிப்போ இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று நாகப்பட்டினம், மற்றது ஆவடி. ஆவடியும் பெரம்பூரும் ஒரே ரயில் பாதை. வட ஆர்க்காட்டிலும் செங்கற்பட்டிலும் மழை பொய்த்தால் ஒரு குடும்பத்தில் அண்ணன் பெரம்பூரில் இறங்கி ஆலைக்குப் போவான். தம்பி ஆவடியில் இறங்கி டிப்போவுக்குப் போவான். இதற்கு மேல் சம்பந்தம் வேண்டுமா?

பக்கிங்ஹாம் மில் 1876-இல் தொடங்கியது. அப்போதைய கவர்னரின் பெயரையே வைத்தார்கள். சில ஆண்டுகள் கழித்துக் கர்நாடிக் மில். 1920-இல் இரண்டையும் ஒரே கம்பெனியாக இணைத்தார்கள். ஜனங்கள் வாயில் அது எப்போதும் பின்னி மில்தான். பட்டாளத்துக்குக் காக்கித் துணி நெய்து கொடுத்ததில் பின்னிக்குப் பெரிய பெயர். முதல் உலகப்போர் வந்ததும் ஆலை பொன்முட்டை இட ஆரம்பித்தது. அந்த நேரத்தில் இரண்டு ஆலைகளிலும் சேர்த்துப் பத்தாயிரம் பேர் அளவில் வேலை செய்தார்கள். சட்டப்படி ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கலாம், வாங்கினார்கள்.

சாப்பாட்டு நேரம் 30 நிமிடம். இந்த 30 நிமிடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். தோட்டத்தில் பிரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, நின்றவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரியும். சங்கு ஊதியதும் இயந்திரத்தை விட்டு நகர வேண்டும். ஆயிரக்கணக்கான பேர் ஒரே வாசலை நோக்கி நடக்க வேண்டும். கைகால் கழுவ வேண்டும். வீட்டிலிருந்து கொண்டுவந்திருக்கும் சோற்றைத் தேடிப் பிடித்து உட்கார்ந்து விழுங்க வேண்டும். மறுபடி அதே கூட்டத்தில் அடித்துப் பிடித்து உள்ளே போக வேண்டும். தாமதித்தால் கூலியில் கைவைப்பார்கள். அரை மணியில் உண்ணும் நேரம் எவ்வளவு மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் கதை இந்தச் சோற்றுக் கணக்கில்தான் தொடங்குகிறது. சங்கம் எழுந்தபின் நிர்வாகம் விட்டுக்கொடுத்தது பத்து நிமிடம்: 30 என்பது 40 ஆனது. சிரிக்காதீர்கள். கேட்டால் கிடைக்கும் என்று அந்தப் பத்தாயிரம் பேர் முதன்முதலாகக் கண்டது அந்தப் பத்து நிமிடத்தில்தான்.

சங்கம் எங்கே பிறந்தது என்பதும் சுவையான விஷயம். ஆலைக்குப் பக்கத்தில் செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு என்று இரண்டு பேர் வியாபாரம் செய்துவந்தார்கள். படிப்பாளிகளோ வக்கீல்களோ அல்ல. வேங்கடேச குணாமிர்த வர்ஷணி சபை என்று ஒரு பக்தி சபையை நடத்தினார்கள். தொழிலாளர்கள் அங்கே பாகவதம் கேட்க வருவார்கள். சபை முடிந்ததும் ஆலைக் கதை பேசுவார்கள்: யாரை அடித்தான், யாருக்கு அபராதம் போட்டான், யார் மயங்கி விழுந்தான் என்று. கேட்டுக் கேட்டு இந்த இரண்டு வியாபாரிகளுக்கும் மனம் பொறுக்கவில்லை. சபைக்குச் சொற்பொழிவாற்ற அழைத்தவர்களில் ஒருவர் திரு.வி. கலியாணசுந்தரனார். வெஸ்லி கல்லூரித் தமிழாசிரியர் வேலையை விட்டுவிட்டு 1917 டிசம்பரில் 'தேசபக்தன்' நாளிதழின் ஆசிரியர் ஆனவர். கோயில் மண்டபத்திலோ கதாகாலட்சேபத்திலோ கூடிய கூட்டம் சங்கமாவது நமக்குப் புதிதல்ல. தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாக் கமிட்டிதான் பல தோட்டங்களில் முதல் சங்கக் கமிட்டி.

செல்வபதியாரும் இராமானுஜலுவும் பிறகு அன்னி பெசன்ட்டின் 'நியூ இந்தியா' அலுவலகத்துக்குப் போய் பி.பி. வாடியாவைப் பார்த்தார்கள். வாடியா பம்பாய்ப் பார்சி. தியசாபிக்காரர். பெசன்ட் அம்மையாரோடு 1917-இல் ஊட்டியில் காவலில் வைக்கப்பட்டவர். தமிழ் தெரியாது. சனிக்கிழமைகளில் பெரம்பூருக்கு வந்து ஆங்கிலத்தில் பேசுவார். பக்கத்தில் நின்று ஒருவர் தமிழில் சொல்வார். 1918 ஏப்ரல் 27 அன்று சங்கம் முறையாக அமைந்தது. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத்தலைவர்களில் ஒருவர், செல்வபதியும் இராமானுஜலுவும் செயலாளர்கள். ஆங்கிலத்தில் மெட்ராஸ் லேபர் யூனியன்.

இந்தியாவின் முதல் தொழிற்சங்கம் இதுதான் என்று சொல்வார்கள். முதலிடத்துக்கு நடக்கும் சண்டையில் எனக்கு அவ்வளவு ருசி இல்லை. பம்பாயில் லோகாண்டே 1890-இலேயே ஆலைத் தொழிலாளர்களுக்காக அமைப்பு நடத்தினார். தூத்துக்குடி கோரல் மில்லில் 1908-இல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் வேலைநிறுத்தம் நடத்திக் கூலி உயர்வு வாங்கிக் கொடுத்தார்கள். பெரம்பூரில் சங்கம் அமைவதற்கு ஒரு மாதம் முன்புதான் ஆமதாபாத்தில் காந்தி ஆலைத் தொழிலாளர்களுக்காக உண்ணாவிரதம் இருந்தார். ஆனால் உறுப்பினர் பட்டியல், சந்தா, தேர்ந்தெடுத்த நிர்வாகிகள், வாரக் கூட்டம் என்று நிரந்தரமாக உட்கார்ந்த சங்கம் எது என்று கேட்டால் பெரம்பூரைத்தான் காட்ட வேண்டும். அந்த அளவில் பெருமை போதும்.

1918 மோசமான வருடம். செப்டம்பரில் அரிசி விலை ஏறிச் சென்னையில் தானியக் கலகம் வெடித்தது, கடைகளை உடைத்தார்கள். அதோடு விஷக்காய்ச்சல். அந்த நிலையில் நிர்வாகம் கதவை அடைத்தது. வாடியா இங்கே ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டார். ஆலை நெய்வது போர்வீரர்களுக்கான துணி. தறியை நிறுத்துவது சாம்ராஜ்யத்துக்கு இடைஞ்சல் என்று அவர் தயங்கினார். தலைவர் தயங்கினார், தொழிலாளி தயங்கவில்லை. வெளியிலிருந்து வந்த தலைவருக்கும் உள்ளே வேலை செய்பவனுக்கும் இடையில் இந்த இடைவெளி அன்று தொடங்கியது. நம்முடைய தோட்டச் சங்கத்திலும் அது இருந்தது. இந்த அவையில் பாதிப்பேருக்கு அது தெரியும், மேற்கொண்டு நான் சொல்லப்போவதில்லை.

ஆனாலும் வாடியாவைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். டிராம், அச்சகம், ரிக்‌ஷா என்று சென்னையில் பல தொழில்களுக்குச் சங்கம் அமைய அவர் கைகொடுத்தார். 1919-இல் வாஷிங்டனில் சர்வதேசத் தொழில் அமைப்பின் முதல் மாநாடு நடந்தபோது இந்தியத் தொழிலாளர் பிரதிநிதி என்.எம். ஜோஷிக்கு ஆலோசகராகப் போனார்.

அவர் பெயர் சட்டப் புத்தகத்தில் ஏறியது 1920-இல். அந்த அக்டோபரில் பக்கிங்ஹாம் மில்லில் தகராறு முற்றிக் கதவடைப்பு வந்தது. டிசம்பர் 9 அன்று போலீஸ் சுட்டதில் இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். பின்னி கம்பெனி இன்னொரு கையால் உயர்நீதிமன்றத்துக்குப் போனது. ஒப்பந்தத்தை மீறித் தொழிலாளரை வேலைக்குப் போகாமல் தூண்டினார்கள் என்று வாடியா மீதும் சங்கத்தார் மீதும் வழக்கு. நஷ்டஈடு கேட்டது, தடையுத்தரவும் வாங்கியது. சங்கம் வைப்பதே சட்டப்படி சதி என்று ஆகிவிட்டால் யார் சங்கம் வைப்பார்கள்? கடைசியில் வாடியா சங்கத்தை விட்டு விலகுவது, கம்பெனி வழக்கைக் கைவிடுவது என்று ராஜியாயிற்று. வாடியா போய்விட்டார். ஆனால் பின்னி தொடுத்த வழக்கு பின்னிக்கே திரும்பியது. 1921 மார்ச்சில் என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். அதிலிருந்து முளைத்ததுதான் 1926-ஆம் ஆண்டு இந்தியத் தொழிற்சங்கச் சட்டம். பதிவுபெற்ற சங்கத்தின் மேல் இப்படி வழக்குப் போட முடியாது என்று அதன் 18-ஆவது பிரிவு சொல்கிறது. மலாயாவுக்குத் தொழிற்சங்கச் சட்டம் வர 1940 ஆயிற்று.

இதுவரை நான் சொன்னது விழா மேடைகளில் சொல்லும் கதை. இனிமேல் சொல்வது விழா மேடைகளில் மெதுவாகத் தாண்டிப்போகும் கதை. நான் இங்கே வந்ததே அதற்காகத்தான்.

1921 ஜூன் 20. கர்நாடிக் மில்லில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் தொடங்கியது. பக்கிங்ஹாம் மில் தொழிலாளர்களும் ஆதரவாக வெளியேறினார்கள். ஒத்துழையாமை இயக்கத்தின் காலம், நகரமே கொதித்துக்கொண்டிருந்தது. திரு.வி.க. முன்னின்றார். சிங்காரவேலர், சக்கரைச் செட்டியார் போன்றவர்கள் கூட இருந்தார்கள். ஆனால் ஆதி திராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைநிறுத்தத்தில் சேரவில்லை, ஆலைக்குப் போனார்கள். அவர்கள் கொஞ்சநஞ்சம் பேர் அல்ல. பின்னியில் அவர்கள் பெரிய தொகை. புளியந்தோப்பு, வியாசர்பாடி குடிசைகளில் வாழ்ந்தவர்கள். வேலைக்குப் போகிறவனைப் போகாதவன் அடித்தான். பதிலுக்கு அவன் அடித்தான். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. ஆகஸ்ட் 29-இல் போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. அக்டோபரில் வேலைநிறுத்தம் தோற்றது.

நம்மில் பலர் எழுதும்போது அந்த ஆதி திராவிடத் தொழிலாளர்களுக்கு ஒரே சொல்லில் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்: கருங்காலி. நான் நாற்பது வருடம் சங்கத்தில் இருந்தவன். அந்தச் சொல்லை நானும் வீசியிருக்கிறேன். இந்த விஷயத்தில் அதைப் பயன்படுத்த எனக்கு மனம் வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

1918-இல் கதவடைப்பு. 1920-இல் கதவடைப்பு. ஆலை மூடினால், ஊரில் ஒரு காணி நிலமோ அண்ணன் தம்பி வீடோ இருப்பவன் ஊருக்குப் போய் நாலு மாதம் ஓட்டிவிடுவான். ஊரில் நிலமும் இல்லாமல், ஊருக்குப் போனால் பண்ணையில் மறுபடி விழ வேண்டிய ஆதி திராவிடன் எங்கே போவான்? ஆலை வாசல்தான் அவனுக்கு முதன்முதலாகக் கிராமத்தைத் தாண்டிய வாசல். அதிலும் அவன் முந்தைய போராட்டங்களில் நின்றவன்தான். பட்டினியின் பெரும்பங்கும் அவனுக்குத்தான் வந்தது. மூன்றாவது முறையும் நில் என்று சொல்ல வந்த சங்க மேடையில் அவனுடைய ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தாரா? பார்சி இருந்துவிட்டுப் போயிருந்தார், முதலியார் இருந்தார், செட்டியார் இருந்தார், நாயுடு இருந்தார். ஆதி திராவிடத் தலைவர் எம்.சி. ராஜா அவர்களை வேலையில் நிற்கச் சொன்னார். அவர் சொன்னதை அவர்கள் கேட்டார்கள். ராஜாவைக் குறைசொல்லுமுன், அந்த மேடையில் அவருக்கு ஏன் நாற்காலி போடவில்லை என்று சங்கத்தைக் கேட்க வேண்டும்.

வெள்ளைக்காரர் யோக்கியர்கள் என்று சொல்ல வரவில்லை. ஒடுக்கப்பட்டோர் நலனுக்கென்று 1920-இல் அமைத்த லேபர் இலாகா அந்தக் குடிசைவாசிகளுக்குப் பாதுகாப்பும் சோறும் கொடுத்தது. அதைக் கம்பெனி தனக்குச் சாதகமாக்கிக்கொண்டது. ஆட்சியிலிருந்த நீதிக்கட்சி இரண்டாகக் கிழிந்தது. தியாகராய செட்டியார் தரப்பு ஆதி திராவிடர்களுக்கு எதிராகப் பேசியது. அரசு அவர்களுக்குச் செல்லம் கொடுக்கிறது என்று குற்றம் சாட்டியது. 1923-இல் ராஜா கட்சியை விட்டே வெளியேறினார். பார்ப்பனரல்லாதார் ஒற்றுமை என்று கட்டிய வீட்டின் நடுச்சுவரில் முதல் வெடிப்பு விழுந்தது ஒரு பஞ்சாலை வாசலில்.

என் தீர்ப்பை மறைக்காமல் சொல்கிறேன். சென்னைத் தொழிலாளர் சங்கம் 1921-இல் பின்னியிடம் தோற்றது என்று எழுதுவது பாதி உண்மை. சாப்பாட்டு நேரத்தைக் கேட்கத் தெரிந்த சங்கத்துக்கு, யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று கேட்கத் தெரியவில்லை. அங்கேதான் தோற்றது.

இந்த வரலாற்றை ஆழமாக எழுதியவர் திலீப் வீரராகவன். கண்பார்வை இல்லாதவர், சென்னை ஐ.ஐ.டி.யில் ஆசிரியராக இருந்தவர். பிறர் படிக்கக் கேட்டுக் கேட்டே சென்னைத் தொழிலாளி வர்க்கத்தின் வரலாற்றை ஆராய்ந்தார். 2009-இல் மறைந்தார், அவருடைய ஆய்வு 2013-இல் புத்தகமாக வந்தது. இளைஞர்கள் தேடிப் படியுங்கள். திரு.வி.க.வின் 'வாழ்க்கைக் குறிப்புகள்' 1944-இல் வந்தது, அதையும் படியுங்கள். இரண்டையும் படித்த பின்னும் ஒரு குறை உங்களை உறுத்தும்: குடிசை எரிந்தவர் எழுதிய ஒரு பக்கம்கூட அங்கே கிடைக்காது. போலீஸ் எழுதியிருக்கிறது, கம்பெனி எழுதியிருக்கிறது, தலைவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அதற்கடுத்த கால் நூற்றாண்டை வேகமாகக் கடந்துவிடுகிறேன். கம்பெனி 1922-இல் நலக் கமிட்டி ஒன்றை அமைத்தது. சங்கத்தைத் தள்ளிவைத்துவிட்டுத் தொழிலாளியோடு நேரே பேசும் உபாயம். நம் ஊர் ஆலைகளிலும் பார்த்திருக்கிறோம். 1923 மே முதல் நாளில் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். 1936 ஜூலை 30-இல் புதுச்சேரியில் பிரெஞ்சுப் போலீஸ் சவானா ஆலைத் தொழிலாளர்களைச் சுட்டதில் பன்னிரண்டு பேர் இறந்தார்கள். 1946 ஜனவரியில் கோவைச் சின்னியம்பாளையத்து ஆலைத் தொழிலாளர் நால்வரைத் தூக்கிலிட்டார்கள். தமிழ்நாட்டில் நூல் நூற்ற ஊர் ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு தேதி உண்டு.

1946-இல் பெரம்பூர்ச் சங்கத்துக்குத் தலைவராக வந்தவரைச் சொல்லாமல் போனால் இந்த அவையில் உள்ள யாழ்ப்பாணத்தார் என்னை விடமாட்டார்கள். எஸ்.சி.சி. அந்தோணிப்பிள்ளை. யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். இலங்கையின் சமசமாஜக் கட்சிக்காரர், டிராட்ஸ்கியவாதி. பிலிப் குணவர்தனாவின் தங்கை கரோலினைக் கலியாணம் செய்தவர். கொழும்புப் பக்கம் போலீஸ் தேடியதால் கடல் கடந்து தமிழ்நாட்டுக்கு வந்தார். வந்த இடத்தில் பின்னித் தொழிலாளி அவரைத் தன் ஆள் என்று ஏற்றுக்கொண்டான். 1947 மார்ச்சில் தொடங்கிய வேலைநிறுத்தம் நூறு நாள் அளவுக்கு நீண்டது. காங்கிரஸ் மந்திரிசபை அந்தோணிப்பிள்ளையைப் பிடித்து உள்ளே போட்டது. அறுபதைத் தாண்டிய, கண்பார்வை மங்கிக்கொண்டிருந்த திரு.வி.க.வை வீட்டுக்காவலில் வைத்தது. வெள்ளைக்கார கவர்னர் காலத்தில் நாடுகடத்துவோம் என்று மிரட்டப்பட்டவரை அவருடைய சொந்தக் கட்சி ஆட்சி வீட்டுக்குள் பூட்டியது. 1957-இல் அந்தோணிப்பிள்ளை வடசென்னையிலிருந்து சுயேச்சையாக நாடாளுமன்றத்துக்குப் போனார்.

பின்னி மில் 1985 வெள்ளத்துக்குப் பிறகு சரியாக எழுந்திருக்கவில்லை. 1996-இல் மூடிவிட்டார்கள். சங்கத்தின் நூறாவது ஆண்டான 2018-இல் நான் பெரம்பூர் போயிருந்தேன். ஆட்டோக்காரத் தம்பியிடம் "பின்னி மில்லுக்குப் போப்பா" என்றேன். "எந்தப் படம் சார் ஷூட்டிங்?" என்று கேட்டான். மூடிய ஆலையில் சினிமாக்காரர்கள் சண்டைக்காட்சி எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. அவனைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. சுபாங் ஜெயாவில் பிறந்த பிள்ளையிடம் சீபீல்டு தோட்டம் எங்கே என்று கேட்டால் என்ன பதில் வரும்? நாம் இப்போது உட்கார்ந்திருக்கும் மண்ணே அதுதான். 1970-களின் நடுவில் ரப்பர் மரத்தைச் சாய்த்துத்தான் இந்த நகரத்தைக் கட்டினார்கள். மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரசின் தலைமையகம் நெடுங்காலம் இயங்கிய யூ.எஸ்.ஜே. 9-ம் அந்தத் தோட்ட மண்தான்.

பெரம்பூரில் 30 நிமிடம் என்றால் கிள்ளானில் சைக்கிள். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 'தமிழ் நேசன்' இதழில் வேலை செய்த ஆர்.எச். நாதன் முன்னின்றார். சீனத் தொழிலாளிக்குக் கிடைக்கும் கூலி எங்களுக்கும் வேண்டும் என்றார்கள். கொடுமைக்காரக் கங்காணியை மாற்று, கள்ளுக்கடையை மூடு என்றார்கள். கூடவே ஒன்று: துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம். கம்பெனிக்காரர்களுக்குக் கூலிக் கோரிக்கையைவிட இதுதான் எரிச்சலூட்டியது என்று நினைக்கிறேன். மே மாதம் நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடுகடத்தினார்கள். மே 16-இல் சிலாங்கூரில் அவசரநிலை போட்டுப் பட்டாளத்தை இறக்கினார்கள். சுட்டார்கள். தோட்டத்தில் விழுந்தவர்களில் யாருக்கும் ஒரு நினைவுக்கல் எழுப்பி நான் பார்த்ததில்லை.

போருக்குப் பிறகு, மலாயாத் தொழிற்சங்கங்களின் சம்மேளனத் தலைவராக இருந்த தஞ்சாவூர்க்காரர் எஸ்.ஏ. கணபதியை 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அதற்கு முந்தின நாள் அவருடைய சங்கத் தோழர் வீரசேனனைச் சுட்டுக் கொன்றார்கள். 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தது, பி.பி. நாராயணன் அதை வளர்த்தார். 1959-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு தொழிலுக்கு ஒரு சங்கம் என்று வேலி போட்டது. துணி ஆலைத் தொழிலாளர்களுக்குச் சிலாங்கூருக்கு ஒன்று, பினாங்குக்கு ஒன்று, ஜொகூருக்கு ஒன்று என்று மாநிலவாரியாகச் சங்கங்கள் அமைந்தன. இந்தப் படத்தில் இருக்கும் அம்மா தைத்துக்கொண்டிருந்த ஆலை அந்த வேலிக்குள்தான் இருந்தது. அந்த வேலியைச் சட்டத்திருத்தம் தளர்த்தியது 2024 செப்டம்பர் 15 முதல்.

அம்மாவின் வரிசையில் அவருக்கு வலப்பக்கம் மலாய்ப் பெண், இடப்பக்கம் சீனப் பெண் என்று மகள் சொன்னார். இப்போது ஆலைக்குப் போனால் அந்த நாற்காலிகளில் வங்காளதேசத்துப் பையன்களும் நேபாளிகளும் மியன்மார்ப் பெண்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய கடவுச்சீட்டைப் பூட்டிவைக்கும் முதலாளிகள் உண்டு. நம் சங்கக் கூட்டங்களில் அவர்களைப் பற்றிப் பேசும் பேச்சு என் காதில் விழுகிறது: குறைந்த கூலிக்கு வந்து கெடுக்கிறார்கள், வேலைநிறுத்தம் என்றால் ஓடிவிடுவார்கள். புளியந்தோப்பைப் பற்றி 1921-இல் பேசிய பேச்சு வேறு எப்படி இருந்திருக்கும்? சங்க மேடையில் அவர்களுக்கு நாற்காலி போட்டோமா? நான் பொறுப்பில் இருந்த நாளில் போடவில்லை. அதை இந்த இடத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பெரம்பூர்க் குடிசைவாசி எழுதிய பக்கம் நமக்குக் கிடைக்கவில்லை. கிள்ளான் 1941-இல் சைக்கிளை விட்டு இறங்காதவரின் பக்கமும் கிடைக்கவில்லை. ஆனால் சீபீல்டிலும் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸிலும் இருந்தவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். தையல் ஆலை அம்மாக்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பழைய சந்தாப் புத்தகம், சங்க அட்டை, சம்பளச் சீட்டு, ஒரு கறுப்பு வெள்ளைப் படம், எதுவானாலும் சரி. அதைவிட முக்கியம், அவர்கள் வாயால் சொல்வது. மண்டப வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். போகும்போது உங்கள் வீட்டுப் பெரியவரின் பெயர், வேலை செய்த தோட்டம் அல்லது ஆலை, பேசக்கூடிய தொலைபேசி எண், மூன்றையும் எழுதிவிட்டுப் போங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கே வந்து பதிவு செய்துகொள்கிறோம். இட்லி போட்டால் சாப்பிட்டுவிட்டும் போவோம்.